சணப்பு பூத்த நிலம்

காலை ஷிப்ட்டை ஏற்றிக்கொண்டு போகிற பஸ்களேதான் திரும்பி வரும்போது இரவு ஷிப்ட்டை இறக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரகடம் சாலை கொஞ்ச நேரம் ஆளில்லாமல் கிடக்கும். தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேலே வெளிச்சம் வந்திருக்கும். சாலை விளக்குகள் இன்னும் அணைந்திருக்காது. அந்த நேரத்தில்தான் நான் ஸ்கூட்டரில் கிளம்புவேன். கால் வைக்கும் இடத்தில் ஒரு பை, அதற்குள் துண்டில் சுற்றிய இரண்டு கண்ணாடி ஜாடிகள், காகிதப் பொட்டலத்தில் மண் கட்டிகள்.

மண்ணைப் பற்றிப் பேசுவதுதான் என் வேலை. நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன அமைப்பு எங்களுடையது. பிள்ளைப்பாக்கத்திலிருந்து மணிமங்கலம் வரைக்கும் இன்னும் நெல் போடுகிறவர்கள் எங்கே மிஞ்சியிருக்கிறார்களோ அங்கே நான் போகவேண்டும். அறுவடை முடிந்ததும் நிலத்தை வெறுமனே காயவிடாதீர்கள், சணப்பு விதையுங்கள், தக்கைப்பூண்டு விதையுங்கள், அது பூவெடுக்கும்போது அப்படியே மடக்கி உழுதுவிடுங்கள், மண்ணுக்கு உயிர் வரும் என்று சொல்லவேண்டும். இதற்கு மூடுபயிர் என்று பெயர். வெயிலுக்கும் மழைக்கும் நடுவில் மண்ணை மூடிவைக்கிற பயிர். விதையை நாங்களே கொடுப்போம்.

கேட்க ஆள் வேண்டுமே. பகலில் ஊரில் ஆண்கள் இருக்கமாட்டார்கள், இருந்தால் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் பால் சொசைட்டி வாசலில், இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில், அவர்களைப் பிடித்து உட்கார வைப்பேன். கழுத்தில் அடையாள அட்டை, கம்பெனிச் சட்டை, கையில் டீ. நான் இரண்டு ஜாடியிலும் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் வெறும் வயலில் எடுத்த மண் கட்டியையும், இன்னொன்றில் வேலியோரப் புல்லுக்கு அடியில் எடுத்த கட்டியையும் போடுவேன். வயல் கட்டி கொஞ்ச நேரத்தில் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். வேலியோரக் கட்டி அப்படியே நிற்கும். வேர் பிடித்து வைத்திருக்கிற மண் கரையாது என்று சொல்வேன். அவர்கள் தலையாட்டுவார்கள். கொஞ்சம் போனால்தான் தெரியும், அது தூக்கத்தில் ஆடுகிற தலை. பாதிக் கனவில் இருக்கிறவர்களிடம் மண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில் எனக்கே சில நாள் குரல் தாழ்ந்துவிடும். தாலாட்டு மாதிரி ஆகிவிடும்.

முழித்திருப்பவர்கள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். இன்னும் கொஞ்ச நாளில் இதெல்லாம் பிளாட் ஆகப்போகிறது, பிளாட்டுக்கு எதற்கு மண் வளம்? ஜாடியைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

ஒருநாள் எல்லாரும் போனபிறகு ஒருவர் மட்டும் அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது. ஏரிக்குக் கிழக்கே சாலையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறார். அவருடைய நிலத்தில் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லையாம், மேலாகவே நின்று வெயிலில் சுண்டிப்போகுமாம். காய்ந்தால் மண்வெட்டி போட்டால் கை வலிக்குமாம். இதை எல்லாம் மெதுவாக, என்னிடம் சொல்வது மாதிரி இல்லாமல், ஜாடியிடம் சொல்வது மாதிரி சொன்னார்.

அப்படியானால் சணப்பு விதைத்துப் பாருங்களேன் அண்ணா என்றேன். விதைக்க ஆசைதான், நிலம் தன்னுடையது இல்லையே என்றார். நிலத்துக்காரம்மா தாம்பரத்தில் இருக்கிறார். நெல் அறுத்ததும் ஒரு பொக்லைன் வரவழைத்துப் புல் பூண்டு எதுவும் இல்லாமல் சுரண்டச் சொல்லிவிடுவாராம். வாங்க வருகிறவர்கள் சாலையிலிருந்தே முழு இடத்தையும் பார்க்கவேண்டும் என்பது அவருக்குப் புரோக்கர் சொன்ன யோசனை. வருஷா வருஷம் சுரண்டுகிறார்கள். இதுவரைக்கும் விற்கவில்லை.

"நீங்க போய்ப் பேசுங்க மேடம்," என்றார். "நான் சொன்னா, இவன் நெலத்த அமுக்கப் பாக்கறான்னு நெனைச்சிக்கும்."

அப்படித்தான் தாம்பரத்தில் ஒரு மூன்றாவது மாடி வீட்டுக்கு ஜாடிகளோடு போனேன். கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். குள்ளமான உருவம், பருத்திப் புடவை, ரொம்பச் சுத்தமான வீடு. அரசாங்க மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். அந்த நிலத்தை அவரும் கணவரும் இருவருமே வேலையில் இருந்தபோது வாங்கினார்களாம். விடுமுறையில் ஸ்கூட்டரில் வருவார்கள், சாலையோரமாக நிற்பார்கள், கணவர் கையை நீட்டி நீட்டி வீடு எங்கே வரும், கிணறு எங்கே வரும், மாமரம் எங்கே வரும் என்று காட்டுவாராம். பிறகு இரண்டு பேரும் படப்பையில் டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். வீடு வரவில்லை. அவரும் போய்விட்டார். இத்தனை வருஷத்தில் தான் ஒரு தடவைகூட வரப்பைத் தாண்டி உள்ளே இறங்கியதில்லை என்று அந்தம்மா சொன்னார். புடவையில் சேறு படும் என்று அவர் விடமாட்டாராம்.

சாப்பாட்டு மேஜை மேல் ஜாடிகளை வைத்தேன். இந்த முறை வயல் கட்டி அவருடைய நிலத்திலேயே எடுத்தது. தண்ணீரில் போட்டதும் ஓரங்கள் உதிர ஆரம்பித்தன. சின்னச் சின்ன குமிழிகள் மேலே வந்தன. மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அந்தம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கட்டி ஜாடியின் அடியில் சரிந்து தண்ணீர் முழுக்கப் பழுப்பாகும் வரைக்கும் பார்த்தார். நான் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். மேல்மண், வேர், மூடாக்கு என்று. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் கடைசி வரைக்கும் தீக்காய வார்டுல இருந்தவம்மா," என்றார். "தோல் போன இடத்தை மூடி வெக்கணும்னு எனக்கு நீ சொல்லித் தர வேணாம். சுரண்டறதை நிறுத்தச் சொல்றேன்."

பூக்கும்போது உழுதுவிட வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொன்னேன். சரி சரி என்றார். கேட்டது மாதிரிதான் இருந்தது.

நவரைப் பட்டத்து நெல் அறுத்த பிறகு ஒரு கோடை மழை வந்தது. மண் ஈரமானதும் அண்ணா லேசாக உழுதுவிட்டு விதைத்தார். ஷிப்ட் முடிந்து வந்தவர் சட்டையை மாற்றாமல் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு நிலத்துக்குள் நடந்தார். நான் வரப்பில் நின்றேன். கண் சொக்கிப்போயிருந்தது அவருக்கு. ஆனால் கை தப்பவில்லை. விரல்களுக்கு நடுவிலிருந்து விதை விசிறிப் போவது, வெயில் வருவதற்கு முந்தைய அந்த வெளுத்த வெளிச்சத்தில், தூறல் மாதிரி தெரிந்தது. அவருக்குப் பின்னால் தூரத்தில் ஒரு தொழிற்சாலையின் சங்கு ஊதியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முளைத்தது எனக்குத் தெரியும், உயர்ந்ததும் தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று முறை அந்த வழியாகத்தானே போகிறேன். ஆனால் பூத்தது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் மாலை மணிமங்கலத்திலிருந்து திரும்பி வரும்போது சாம்பல் நிறக் கூரைகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் ஏரி நின்றது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். சணப்பு தோளுயரம் வளர்ந்து, நுனியெல்லாம் பூவாக இருந்தது. காற்று வந்தால் மஞ்சள் ஒரு பக்கமாகச் சாயும், பிறகு நிதானமாக நிமிரும். உள்ளே தேனீக்களின் ரீங்காரம். பக்கத்து ஷெட்டில் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தமும் அதுவும் கலந்து, எது எதுவென்று பிரிக்க முடியாமல் இருந்தது. விரல் நகம் அளவில் நீலப் பட்டாம்பூச்சிகள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும் மஞ்சளாகத்தான் இருந்தது.

அந்தம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். மறுநாள் சாயங்காலமே படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வழக்கம்போல் சாலையோரத்தில் நின்றார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கினார். வரப்பிலிருந்து நிலத்துக்குள். சணப்பு அவரைவிட உயரம். சற்று நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. பூக்கள் அசைகிற இடத்தை வைத்துத்தான் இங்கே போகிறார், இப்போது அங்கே நிற்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வெளியே வந்தபோது தலையிலும் தோளிலும் மஞ்சள் இதழ்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி வர ஆரம்பித்தார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எதிர் டீக்கடையில் சொல்லி வாங்கி வரப்பில் போட்டுக்கொள்வார். சும்மா உட்கார்ந்திருப்பார். கம்பெனி பஸ்களின் ஜன்னல்களில் முகங்கள் திரும்பும். பக்கத்தில் வாடகை அறைகளில் தங்கி வேலை செய்கிற தெற்கத்திப் பெண்கள் சாயங்காலங்களில் கூட்டமாக வந்து பூக்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தம்மாவைத்தான் எடுத்துத் தரச் சொல்வார்கள். அவருக்கு ஒவ்வொரு போனிலும் எங்கே அழுத்த வேண்டும் என்று பழகிவிட்டது. அந்தப் பெண்களின் ஊர், எந்த லைனில் வேலை, எப்போது ஓவர்டைம் என்பதெல்லாம்கூட அவருக்குத் தெரிந்திருந்தது.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் இது எதற்குப் போட்ட பயிர் என்று கேட்டாள். பூ விற்கவா, விதைக்கா, மாட்டுக்கா? நான் சொன்னேன். இன்னும் சில நாளில் டிராக்டர் விட்டு மண்ணோடு மண்ணாக உழுதுவிடுவோம் என்று.

"இம்புட்டு அழகா இருக்கத போயி உழுதுருவியளாக்கா?" என்றாள்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண்கள் போனபிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நிஜமாகவே உழ வேண்டுமா என்று கேட்டார். முதல் நாளே சொன்னேனே அம்மா என்றேன். சொன்னாய், பூக்கிறது என்றால் இப்படிப் பூக்கும் என்று சொல்லவில்லை என்றார். ஒரு வாரம் போகட்டும், பூ உதிரட்டும், அப்புறம் உழுதால் என்ன என்றார். பூ முடிந்தால் தண்டு முற்றி நாராகிவிடும், மண்ணில் சீக்கிரம் மக்காது, டிராக்டர் கத்தியில் சுற்றிக்கொள்ளும் என்று விளக்கினேன். இளசாக இருக்கும்போதுதான் அதில் சத்து முழுக்க இருக்கிறது. பூவெடுக்கிற நேரம்தான் அதன் நேரம். இதைச் சொல்லிக்கொண்டே இருந்தபோது எனக்கு என் குரல் பிடிக்கவில்லை.

அவர் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுவதற்கு முன் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

அண்ணாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இருந்தது எனக்கு. அவருக்குச் சம்பா நாற்று விட வேண்டும், அதற்கு முன்னால் இது மக்க வேண்டும். மறுநாள் காலை நிலத்துக்குப் போனேன். வேப்ப மரத்தடியில், வரப்பில் துண்டை விரித்து, கம்பெனிச் சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார். என் காலடிச் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தார். அந்தம்மா ஒரு வாரம் கேட்கிறார் என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தார்.

"நானும் ரெண்டு மூணு நாளா வண்டிக்காரனுக்குப் போன் போடாமத்தான் கீறேன்," என்றார். "ஷிப்ட் முட்ச்சி வந்தா வூட்டுக்குப் போவத் தோணல. இங்க வந்து படுத்தா நல்லா தூக்கம் வருது."

அப்புறம் எழுந்து ஒரு செடியின் தண்டை மடக்கிக் காட்டினார். இன்னும் ஒடிந்தது. ஆனால் அடியில் கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டுத்தான் ஒடிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். தண்டு நாராக ஆரம்பித்திருந்தது, ஒரு வாரம் தாங்காது.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தம்மா வரவில்லை. எதிர் டீக்கடையில் ஸ்டூல் கவிழ்த்து வைத்திருந்தது. மறுநாளும் வரவில்லை. நான் போன் செய்யத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே கூப்பிட்டார். உழுத பிறகு அது என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதலில் வாடுமா, நாற்றம் வருமா, எந்த நிறம் ஆகும், எவ்வளவு நாள் அடையாளம் தெரியும், வேர் என்ன ஆகும். டியூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றிக் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். வாடிக் கறுக்கும். புளித்த வாசனை கொஞ்ச நாள் வரும். மண்புழு மேலே வரும். ஒரு மழை பெய்தால் செடி எது மண் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"அவர் சட்டையெல்லாம் இன்னும் பீரோவுலதாம்மா தொங்குது," என்றார். பிறகு, வண்டியை நாளை மறுநாள் வரச் சொல், நானும் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

உழவு அன்று நன்றாக விடிவதற்குள் வந்துவிட்டார். ஒரு பிளாஸ்க் நிறைய காப்பி கொண்டுவந்திருந்தார். லேசான பனி மாதிரி ஒரு புகை நிலத்தின் மேல் நின்றது. பனியா, தொழிற்சாலைப் புகையா என்று தெரியவில்லை. டிராக்டர் வந்தது. ஓட்டுகிறவர் இறங்கி நின்று நிலத்தைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே இதையா என்று அண்ணாவிடம் கேட்டார். அண்ணா அந்தம்மாவைப் பார்த்தார். அந்தம்மா காப்பி ஊற்றிக் கொடுத்தார். நாலு பேரும் நின்று குடித்தோம். குடித்து முடித்ததும் அந்தம்மா டம்ளர்களை வாங்கிக்கொண்டு, ஆரம்பிங்க என்றார்.

டிராக்டர் உள்ளே போனதும் தேனீக்கள் புகை மாதிரி எழும்பின. மஞ்சள் முன்பக்கமாகச் சாய்ந்து அடியில் போய், பின்னால் பச்சையும் கறுப்புமாக வந்தது. பச்சை வாசனை அப்படியே சாலைவரைக்கும் பரவியது. வெண்டைக்காயை நறுக்கும்போது வருமே, அதைப் போல நூறு மடங்கு. எங்கிருந்தோ கொக்குகள் வந்துவிட்டன. டிராக்டருக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக இறங்கி நடந்தன. மைனாக்களும் வந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் மஞ்சள் குறைந்துகொண்டே நடுவை நோக்கிப் போனது. கடைசியாக நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு நின்றபோது ஓட்டுகிறவர் எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரும் கை காட்டவில்லை. அதையும் ஓட்டினார்.

இயந்திரம் நின்றதும் காது இரைந்தது. அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்துக்குள் இறங்கினார். கால் புதைந்தது. இன்னொரு அடி வைத்தார். புதிதாக நடக்கிறவர் மாதிரி கைகளை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்துக்கொண்டு, நசுங்கிய பூக்களின் மேல் நடந்து நடுவரைக்கும் போனார். அங்கே நின்று ஒரு பக்கம் கையை நீட்டினார். பிறகு இன்னொரு பக்கம். யாருக்கோ எதையோ காட்டுகிற மாதிரி இருந்தது. அண்ணா அந்தப் பக்கம் பார்க்காமல் டிராக்டர் கத்தியில் சுற்றியிருந்த நாரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நானும் போய் அவரோடு சேர்ந்து பிடுங்கினேன்.

திரும்பி வந்தபோது அந்தம்மாவின் கண் கலங்கித்தான் இருந்தது. புடவை ஓரமெல்லாம் சேறு. அண்ணாவிடம், வாங்க ஆள் தேடச் சொன்ன புரோக்கரை வேண்டாம் என்று சொல்லிவிடப்போவதாகச் சொன்னார். தான் இருக்கும் வரைக்கும் அவரே நெல் போட்டுக்கொள்ளட்டும் என்றும், வருஷத்தில் ஒருமுறை சணப்பு விதைக்க வேண்டும், அது ஒன்றுதான் தன் கண்டிஷன் என்றும் சொன்னார். அடுத்த தடவை முதல் பூ பூத்ததும் போன் போடுகிறேன் என்றார் அண்ணா.

சம்பா நடவு நட்டபோது நடவுக்கு வந்த பெண்கள் மண் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றார்கள். ஐப்பசி மழையில் சுற்றி உள்ள நிலங்களிலிருந்து தண்ணீர் பழுப்பாக ஓடிச் சாலைப் பள்ளத்தை நிரப்பியது. இந்த நிலத்திலிருந்து வந்த தண்ணீர் குறைவு, வந்ததும் தெளிவாக வந்தது. பயிரும் நன்றாகத்தான் வந்தது. ஒரே வருஷத்தில் மண் மாறிவிட்டது என்று நான் எங்கேயும் சொல்வதில்லை. மண் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆனால் மாற ஆரம்பித்திருந்தது.

பால் சொசைட்டி வாசலில் பேச்சும் மாறியது. மண் வளம் எதற்கு என்று கேட்டவர்கள், அந்த மஞ்சள் பூ விதை இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டு பேர் தக்கைப்பூண்டு விதைத்தார்கள். ஒருவர் தன் மாமனார் நிலத்தில் சணப்பு விதைத்தார். படப்பையில் மனை வாங்கிப் போட்டிருந்த ஒரு தம்பதி, வீடு கட்டும் வரைக்கும் அதில் விதைக்கலாமா என்று கேட்டு வந்தார்கள். மனைதானே, அதற்கும் விதை கொடுத்தேன். உழ ஆளில்லாமல் அவர்களே மண்வெட்டி போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இந்த வருஷம் ஸ்கூட்டர் பழுதாகி, கொஞ்ச நாள் பஸ்ஸில் போய்வந்தேன். ஒரு சாயங்காலம் பக்கத்தில் ஒரு பெண், முதல் தடவை இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவள் போலிருந்தது, ஜன்னல் வழியாக மஞ்சளைப் பார்த்துவிட்டு என்னைத் தொட்டு, அது என்ன பூ என்று கேட்டாள். சணப்பு என்றேன்.

"விக்கவா?"

"இல்ல, மண்ணுக்கு."

"ஓ, மண்ணுக்கா," என்றாள். அதில் வியப்பு எதுவும் இல்லை. மண்ணுக்கும் ஏதாவது வேண்டும்தானே என்கிற மாதிரி இருந்தது. வரப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு சின்ன உருவம் எங்கள் பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்தது. யாருக்கு என்று தெரியாமலே அந்தப் பெண்ணும் கையசைத்தாள். அடுத்த ஸ்டாப்பில் டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.